போனட்டைக் கடைசியாகத் திறங்கள்

என்ஜின் மாற்றிய பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாம் வாசலில் போய் இறங்குவதற்குள் போனட் திறந்திருக்கும். குரோம் பூசிய ராக்கர் கவர், சிவப்பு பிளக் வயர், துடைத்து வைத்த ஏர் ஃபில்டர். "சத்தத்தைக் கேளுங்கள்" என்று சாவியைத் திருப்புவார். எட்டு சிலிண்டர் உறுமல் வயிற்றில் போய் இறங்கும். வாங்க வந்தவர் அந்த நிமிடமே மனதுக்குள் பாதிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவார்.

அதனால் யாருடன் கார் பார்க்கப் போனாலும் போனட்டை மூடச் சொல்வதுதான் என் முதல் வேலை. இந்த மாதிரிக் காரில் என்ஜின்தான் இருப்பதிலேயே சுலபமான சமாசாரம். கெட்டுப்போனால் இன்னொன்று கிடைக்கும். அதை உள்ளே உட்காரவைக்க எதை வெட்டினார்கள், எதை வளைத்தார்கள், மாற்ற வேண்டிய எதை மாற்றாமல் விட்டார்கள் என்பதில்தான் நம் காசும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது.

சமீபத்தில் பார்த்தது ஒரு எம்ஜிபி ஜிடி. 1972 மாடல், குரோம் பம்பர், கரும்பச்சை. உள்ளே கம்பெனி போட்ட நாலு சிலிண்டரை எடுத்துவிட்டு ரோவர் வி8 வைத்திருந்தார்கள். வாங்க நினைத்தவன் மதுரைக்காரன், இங்கே இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நண்பன். எனக்கு வீட்டில் ஒரு சாதாரண நாலு சிலிண்டர் எம்ஜிபி இருப்பதால், பழைய கார் ஆசை வந்த நண்பர்கள் எல்லாருக்கும் நான்தான் இலவச ஆலோசகன்.

முதலில் இந்தக் காரைப் பற்றிக் கொஞ்சம். எம்ஜிபி 1962-இல் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்தில் உள்ள அபிங்டன் தொழிற்சாலையில் 1980 வரை செய்தார்கள். எல்லா வகையும் சேர்த்து 5 லட்சத்துக்கு மேல் ஓடி வந்திருக்கிறது. கூரை வைத்த ஜிடி 1965-இல் சேர்ந்தது. அதன் கூரை வடிவத்தில் இத்தாலியின் பினின்ஃபரினாவுக்குப் பங்கு உண்டு. என்ஜின் 1798 சிசி, பிஎம்சி பி-சீரிஸ். நம் அம்பாசடரில் பல வருடம் ஓடிய 1489 சிசி என்ஜினும் இதே குடும்பம்தான். அம்பாசடருக்கு டப்பட் வைத்துப் பழகிய மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்து எம்ஜிபியின் முன்னால் நிறுத்தினால், கேள்வியே கேட்காமல் ஸ்பானரை எடுத்துவிடுவார்.

நல்ல என்ஜின்தான், ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லிக்கொள்ள 95 குதிரைத்திறன் போதாது என்று ஆரம்பத்திலிருந்தே குறை. கம்பெனி 1967-இல் கனமான இரும்பு ஆறு சிலிண்டரை வைத்து எம்ஜிசி என்று விட்டுப் பார்த்தது. மூக்கு கனத்துப்போய், 1969-இல் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் கென் காஸ்டெல்லோ என்ற மினி ரேஸ்காரர், 1970 வாக்கில் ரோவரின் 3528 சிசி அலுமினியம் வி8-ஐ எம்ஜிபிக்குள் இறக்கி விற்க ஆரம்பித்தார். அந்த வி8 பிறந்த இடம் அமெரிக்கா. 1961-இல் ப்யூக் கார்களுக்குச் செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு மூன்று வருடத்தில் கைவிட, ரோவர் உரிமையை வாங்கி 1967-இல் இருந்து தன் கார்களில் போட்டது. அலுமினியம் என்பதால் பழைய இரும்பு நாலு சிலிண்டரோடு ஒப்பிட்டால் கனத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. காஸ்டெல்லோவின் கார்களைப் பார்த்துவிட்டு கம்பெனியே 1973-இல் எம்ஜிபி ஜிடி வி8 என்று இறக்கியது. 1976 வரை 2,591 கார்கள். 137 குதிரைத்திறன். ஜிடி மட்டும்தான். திறந்த கூரை வண்டியில் கம்பெனி அப்போது வி8 போடவே இல்லை.

இந்தக் கதையை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எம்ஜிபியில் வி8 மாற்றம் என்றால் நமக்கு ஒரு அளவுகோல் கையில் இருக்கிறது. அபிங்டன்காரர்கள் இதே வேலையைச் செய்தபோது என்னென்ன மாற்றினார்கள் என்பது தெரியும். ரேடியேட்டரை முன்னால் தள்ளினார்கள். பின் அச்சின் பல் விகிதத்தை மாற்றினார்கள். தடிமனான பிரேக் டிஸ்க் போட்டார்கள். கம்பிச் சக்கரமே கொடுக்கவில்லை. வீட்டுக் கொட்டகையில் மாற்றியவர் இதில் எதையெல்லாம் செய்தார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால் போதும்.

போவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே வண்டி எண்ணை அடித்தால் அதன் எம்ஓடி, அதாவது வருடாந்திரத் தகுதிச் சோதனையின் வரலாறு அரசாங்கத் தளத்தில் இலவசமாக வரும். எந்த வருடம் எதில் தோற்றது, எங்கே துரு என்று எழுதினார்கள், ஓட்டமானி என்ன காட்டியது, எல்லாம் இருக்கும். இந்தக் காருக்குக் கடைசிச் சோதனை 2017. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஏனென்றால் 2018 மே மாதத்திலிருந்து 40 வயது தாண்டிய வண்டிகளுக்கு எம்ஓடி கட்டாயமில்லை. ஆனால் அதில் ஒரு கொக்கி இருக்கிறது: கடந்த 30 வருடத்துக்குள் வண்டியில் பெரிய மாற்றம் செய்திருந்தால் விலக்கு கிடையாது. சிலிண்டர் எண்ணிக்கை மாறினால் பெரிய மாற்றமாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அந்த மாடலுக்குக் கம்பெனியே மாற்றாகக் கொடுத்த என்ஜின் என்றால் மாற்றமாகாது. எம்ஜிபி ஜிடியில் வி8 என்றால் இரண்டு பக்கமும் வாதாடலாம். என்னைக் கேட்டால் வாதமே வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை இன்னொருவர் காருக்கு அடியில் விளக்கு அடித்துப் பார்ப்பது நமக்குத்தான் நல்லது.

அடுத்தது வி5சி. நம் ஊர் ஆர்.சி. புத்தகம் மாதிரி. அதில் என்ஜின் அளவு 1798 சிசி என்றே இருந்தது. என்ஜின் மாற்றி இருபது வருடம் ஆகிறது என்கிறார் விற்கிறவர், வண்டிப் பதிவைப் பார்க்கும் டிவிஎல்ஏ அலுவலகத்துக்கோ இன்னும் சேதி போகவில்லை. பெட்ரோல் அம்பாசடரில் டீசல் என்ஜின் ஏற்றிய காலத்தில் நம் ஊரிலும் பதிந்தவர்கள் உண்டு, பதியாமலே ஓட்டியவர்கள் உண்டு. இங்கே விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.

இன்னொன்று: காரின் பின்பக்கத்தில் வி8 என்ற பேட்ஜ் பளிச்சென்று இருந்தது. பேட்ஜ் எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். உண்மையான கம்பெனி வி8 என்றால் சேஸிஸ் எண் ஜிடி2டி1 என்று தொடங்கும். இது ஜிஹெச்டி5, அதாவது நாலு சிலிண்டர் ஜிடி. விற்கிறவரும் கம்பெனி வி8 என்று சொல்லவில்லை. ஓய்வுபெற்ற பெரியவர், மரியாதையான மனிதர். ஆனால் நாம் வருவதற்குள் என்ஜினைச் சூடாக்க வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தும், போய்ச் சேர்ந்தபோது ரேடியேட்டரின் மேல் குழாய் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது.

"காலையில் கொஞ்சம் ஓட்டினேன், பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று" என்றார்.

"பரவாயில்லை, ஆறட்டும். அதுவரை மற்றதைப் பார்க்கிறோம்" என்று போனட்டைச் சாத்தினேன். நண்பன் முகம் தொங்கிப்போனது. "மாப்ள, ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாத்துருவோமே" என்றான். "எங்கயும் ஓடிப்போகாதுடா, கீழ குனி" என்றேன்.

எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடிதான் சேஸிஸ். கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் தகரப் பெட்டிதான் முதுகெலும்பு. சில் என்பார்கள். பல தகடுகளை அடுக்கி வெல்டிங் செய்தது, உள்ளே தண்ணீர் தேங்கினால் வெளியே தெரியாமலே கரைந்துவிடும். சோம்பேறி வேலைக்காரர்கள் பழைய சில்லை வெட்டி எடுக்காமல் மேலேயே புதுத் தகடு ஒட்டி பெயின்ட் அடித்துவிடுவார்கள். ஓட்டைப் பாயின் மேல் புதுப்பாய் விரித்த கதை. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அசல் சில், கதவு நீளத்தோடு நிற்காது. முன் ஃபெண்டருக்குப் பின்னால் நுழைந்து போகும். சக்கர வளைவுக்குள் டார்ச் அடித்து அந்த முனை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அடியில் படுத்தால் கோட்டைச் சுவர் மாதிரி பள்ளம் மேடாக வளைத்த ஒரு பட்டை, நேர்கோட்டில், முன்னும் பின்னும் ஓட வேண்டும். அதன் மேல் தட்டையான தகடு ஒட்டியிருந்தால் எழுந்து கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

இதைவிடச் சுருக்கமான சோதனை ஒன்று இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு, கதவுக்கும் பின் ஃபெண்டருக்கும் இடையில் உள்ள சந்தை விரலால் தடவி வைத்துக்கொண்டு, ஜாக்கி வைக்கும் இடத்தில் மெதுவாகத் தூக்கச் சொல்ல வேண்டும். சந்தின் அகலம் மாறினால் முதுகெலும்பு போய்விட்டது என்று அர்த்தம். ஜிடிக்குக் கூரை இருப்பதால் கொஞ்சம் தாங்கும், திறந்த வண்டி உடனே காட்டிக்கொடுத்துவிடும். வி8-இன் முறுக்கு விசை பழைய என்ஜினைவிட மிக அதிகம். நாலு சிலிண்டரோடு பத்து வருடம் சமாளித்த பலவீனமான பாடி வி8-இடம் அத்தனை காலம் தாங்காது.

இந்தக் காரில் சில் நன்றாக இருந்தது. புதுசு, முழுசு, வெல்டிங் சுத்தம். காந்தம் வைத்துப் பார்த்ததில் பின் சக்கர வளைவில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டி. சீட்டுக்குப் பின்னால் தரையடியில் உள்ள பேட்டரி பெட்டிகள் இரண்டும் துரு இல்லாமல் இருந்தன. அந்தப் பெட்டிகளைச் சரிசெய்தவர் அக்கறையுள்ளவராகத்தான் இருப்பார், யாரும் எட்டிப் பார்க்காத இடம் அது.

பெயின்ட், சீட், டேஷ்போர்டு எல்லாவற்றையும் தாண்டிப் போகிறேன். அதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறவை, யாரும் பார்த்துக்கொள்ளலாம். டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத் தேதியை மட்டும் படியுங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் சொல்லும். பூ நன்றாக இருக்கும், டயருக்கோ பத்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும்.

நாலு ஸ்டாண்டில் காரைத் தூக்கி வைத்து அடியில் போனதும்தான் உண்மையான கதை ஆரம்பம். 1972 மாடலில் வி8 இலகுவில் உட்காராது. 1974 கடைசியில் ரப்பர் பம்பர் வந்தபோதுதான் எல்லா எம்ஜிபிக்கும் வி8-க்கு ஏற்ற மாதிரி என்ஜின் அறையின் உட்புறத்தை மாற்றினார்கள். அதற்கு முந்தைய பாடியில் எதையாவது தட்டியோ வெட்டியோதான் ஆக வேண்டும். தட்டியதும் வெட்டியதும் எப்படி என்பதுதான் கேள்வி. இங்கே கியர் பாக்ஸ் ரோவர் எஸ்டி1 காரின் ஐந்து கியர் பெட்டி. அதற்கு டனலை அகலப்படுத்த வேண்டும். வெட்டி, புதுத் தகடு வைத்து, தொடர் வெல்டிங் போட்டு, மேலே சீலர் பூசியிருந்தார்கள். கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம் சரியாகச் செய்தது. இந்த இடத்தில் சுத்தியலால் அடித்துக் குழி போட்டு, கிழிந்த தகரத்தில் அலுமினியம் ஷீட்டை ரிவெட் அடித்த கார்களையும் பார்த்திருக்கிறேன். அதன் வழியே கியர் பாக்ஸ் சூடும் புகையும் டிரைவர் காலடிக்கு வரும்.

பெரியவர் பக்கத்தில் நின்று, "வேலையைச் செய்தவர் ஒரு நல்ல வெல்டர்" என்றார். ஒப்புக்கொண்டேன்.

அப்புறம் ஸ்டியரிங். எம்ஜிபி வி8-இல் நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில், ஸ்டியரிங் தண்டும் அதன் ஜாயிண்டும் வலப்பக்க எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை உரசுவது போலத்தான் போகும். 1990-களில் இதே பாடியை வைத்து ஆர்வி8 என்று புதுக் கார் செய்தபோது, எக்ஸாஸ்ட் குழாயை உள் ஃபெண்டரில் ஓட்டை போட்டு வெளியே கொண்டுபோய் இந்த இட நெருக்கடியைத் தீர்த்தார்கள். இந்தக் காரில் அப்படி இல்லை, பழைய வழிதான். டார்ச்சை அடித்துத் தண்டை மெதுவாகச் சுற்றச் சொன்னேன். கறுப்புப் பெயின்டுக்கு நடுவில், தண்டைச் சுற்றி, மோதிர அகலத்துக்கு வெள்ளையாகப் பளபளக்கும் ஒரு வட்டம். நேர் எதிரே மேனிஃபோல்டில் அதே அளவுக்கு ஒரு தேய்மானம்.

நின்றிருக்கும்போது இரண்டுக்கும் நடுவில் சுண்டு விரல் போகும். பிறகு எப்படி உரசியது? என்ஜின் மவுண்டிங்கைப் பார்த்தால் விடை. வலப்பக்க ரப்பர் ஆயில் குடித்து உப்பி, பாதி கிழிந்திருந்தது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வி8 முறுக்கிக்கொண்டு இடப்பக்கம் எழும்பும், வலப்பக்கம் அமுங்கும். அமுங்கி மேனிஃபோல்டை ஸ்டியரிங் தண்டில் சாய்க்கிறது. அதுவும் வளைவிலிருந்து வேகமெடுத்து வெளியே வரும்போது, ஸ்டியரிங் இலகுவாகச் சுற்ற வேண்டிய அதே நொடியில்.

நண்பனைக் கீழே கூப்பிட்டுக் காட்டினேன். அதுவரை சத்தம் சத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், "இது எவ்வளவு செலவு ஆகும் மாப்ள?" என்று முதல்முறையாகக் காசு பேசினான். மவுண்டிங் ரப்பர் மலிவுதான். அதை மாற்றாமல் அப்படியே ஓட்டியிருக்கிறார்களே என்பதுதான் பயம்.

பின் அச்சுக்குப் போனோம். பழைய நாலு சிலிண்டரின் பல் விகிதம் 3.9. கம்பெனி வி8-க்கு 3.07 வைத்தார்கள். எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எதையும் கழற்ற வேண்டியதில்லை. முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, பின் சக்கரம் ஒன்று தரையிலும் ஒன்று மேலேயும் இருக்கும்படி ஸ்டாண்டில் வைக்க வேண்டும். ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு ஒன்று. மேலே இருக்கும் சக்கரத்தை ஒருவர் சரியாக இரண்டு சுற்றுச் சுற்ற, இன்னொருவர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். மூன்றுக்குக் கொஞ்சம் மேலே நின்றால் வி8 அச்சு. கிட்டத்தட்ட நாலு வந்தால் பழசு.

நாலு வந்தது.

இதனால் கார் ஓடாமல் போகாது. ஆனால் வி8 மெதுவாகச் சுற்றி இழுக்கும் என்ஜின். 3.9 அச்சில் முதல் கியர் போட்டதும் முடிந்துவிடும். மோட்டார்வேயில் 70 மைல் வேகத்தில், ஐந்தாவது கியரிலும் 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் கத்திக்கொண்டிருக்கும். 3.07 இருந்தால் 2,500 பக்கம் நிம்மதியாகப் போகும். இதை மாற்றாமல் விட்டவர் வேறு என்னென்னவற்றை மாற்றாமல் விட்டிருப்பார் என்று யோசிக்க ஆரம்பித்தேன். பிரேக்கைப் பார்த்தால் பழைய மெல்லிய டிஸ்க்தான். சக்கரம் கம்பிச் சக்கரம், அழகுக்காக. கம்பிச் சக்கரத்தில் விசை எல்லாம் நடுவில் உள்ள பற்கள் வழியே போகிறது. ஹேண்ட்பிரேக் போட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினால் அந்தப் பல் தேய்மானம் கையில் தெரியும். பின் இடது சக்கரத்தில் தெரிந்தது. கம்பெனி இதைக் கொடுக்காமல் அலுமினிய நடுப்பகுதி வைத்த டன்லப் சக்கரம் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது.

இவ்வளவும் முடிவதற்குள் என்ஜின் ஆறியிருந்தது. இனி போனட்.

முதலில் என்ஜின் எண். டிப்ஸ்டிக் பக்கத்தில் பிளாக்கில் குத்தியிருக்கும், கூடவே கம்ப்ரஷன் விகிதமும். 9.35 என்றிருந்தால் பெரும்பாலும் எஸ்டி1 காரிலிருந்து வந்தது, நல்லது. 8.13 என்றால் ரேஞ்ச் ரோவர். மட்டமான பெட்ரோலிலும் ஓடட்டும் என்று மந்தமாகச் செய்தது. இங்கே 9.35. விளம்பரத்தில் எஸ்டி1 என்ஜின் என்று சொன்னதோடு பொருந்துகிறது.

ஆயில் மூடியைக் கழற்றி விரலை விட்டுத் தடவினேன். ரோவர் வி8-க்கு ஆயில் மாற்றாமல் விட்டால் உள்ளே கறுப்புக் களி படியும், ஹைட்ராலிக் டப்பட் அடைபடும், கேம் ஷாஃப்ட் தேயும். விரலில் ஆயில் மட்டும்தான் வந்தது. ஆயில் பிரஷர் பற்றி ஒரு விஷயம்: நாலு சிலிண்டர் எம்ஜிபி ஓட்டிப் பழகியவர்கள் 60 பிஎஸ்ஐ பார்த்துப் பழகியிருப்பார்கள். ரோவர் வி8 சூடான பிறகு 2,400 ஆர்பிஎம்மில் 30 முதல் 40 காட்டினாலே ஆரோக்கியம். முள் தாழ்ந்து நிற்பதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் நிறத்தைப் பாருங்கள். அலுமினியம் என்ஜினில் கூலன்ட் கலக்காமல் வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். பழைய வி8-இல் ஒவ்வொரு ஹெட்டுக்கும் 14 போல்ட். வெளி வரிசையில் உள்ள நாலையும் முழு விசையில் முறுக்கினால் ஹெட் ஒரு பக்கம் சாய்ந்து, உள்பக்கம் காஸ்கெட் கசியும். பிற்காலத்தில் ரோவரே அந்த நாலையும் எடுத்துவிட்டு 10 போல்ட் ஆக்கியது. ஹெட் இறக்கிய வேலை நடந்திருந்தால் யார் செய்தார், எப்படி முறுக்கினார் என்று கேட்பது தப்பில்லை.

ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். சில நொடி டப்பட் தட்டிவிட்டு அடங்கியது. அப்படித்தான் இருக்க வேண்டும். நாலு சிலிண்டர் எப்போதும் கடகடக்கும், வி8 சூடான பிறகு தட்டக் கூடாது. நண்பன் முகத்தில் பழைய வெளிச்சம் திரும்பியது. நான் போனட்டைச் சாத்திவிட்டு, ஓடவிட்டபடி அப்படியே நிற்கச் சொன்னேன்.

அதுதான் கடைசிப் பரீட்சை. இருபது நிமிடம், ஐடிலில், போனட் மூடியபடி. ஓட்டும்போது எல்லா வி8-உம் சூடாகாமல்தான் இருக்கும், டிராஃபிக்கில் நின்றால்தான் தெரியும். முள் நடுவைத் தாண்டியதும் பெரியவர் உள்ளே கை விட்டு டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு ஸ்விட்சைத் தட்டினார். ரேடியேட்டர் ஃபேன் சுழன்றது.

"அது தானாக ஓடாதா?"

"நான் நினைவாகப் போட்டுவிடுவேன்" என்றார்.

ஒரே ஒரு ஃபேன், வெப்ப ஸ்விட்ச் இல்லை, ஃபியூஸும் இல்லை. கம்பெனி இரண்டு ஃபேன் வைத்தது, தானாக ஓடும்படி. வயரைப் பின்தொடர்ந்து போனால், நீல பிளாஸ்டிக் கிளிப்பில் ஹெட்லைட் வயரைக் கடித்துக் கரண்ட் எடுத்திருந்தார்கள். ராத்திரியில் டிராஃபிக்கில் நின்றால் இரண்டு சுமையும் ஒரே வயரில். பெட்ரோல் குழாய்களும் பழசு, ரப்பரில் மயிரிழை வெடிப்பு. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது.

ஓட்டிப் பார்த்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இழுவை அபாரம். ஆர்பிஎம் முள் மட்டும் இரண்டு மடங்கு காட்டியது. நாலு சிலிண்டருக்கான மீட்டரையே எட்டு சிலிண்டரில் மாட்டியிருந்தார்கள். வேகத்தை ஃபோன் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டதில் ஸ்பீடோமீட்டரும் தப்பு. நண்பனிடம், "நெஞ்சு அடிக்கிறது நிற்கட்டும், அப்புறம் விலை பேசு" என்றேன்.

என் கணக்கு இப்படி இருந்தது: பாடி, வெல்டிங், என்ஜின் மூன்றும் நல்ல கையில் செய்தவை. அதற்குப் பிறகு வந்த யாரோ காசு தீர்ந்தோ பொறுமை தீர்ந்தோ வேலையைப் பாதியில் விட்டிருக்கிறார்கள். மவுண்டிங், மேனிஃபோல்ட் இடைவெளி, அச்சு, டிஸ்க், சக்கரம், ஃபேன் வயரிங், பெட்ரோல் குழாய், மீட்டர் எல்லாம் மாற்ற வேண்டியவை. எல்லாமே கடையில் கிடைப்பவை. சில் மட்டும் கெட்டிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றிருப்பேன். அதனால் வாங்கலாம், ஆனால் கேட்கும் விலைக்கு இல்லை, ஸ்டியரிங் விஷயம் சரியாகும்வரை ஓட்டியும் வரக் கூடாது என்று சொன்னேன்.

பெரியவர் தேய்ந்த தண்டை அவரே குனிந்து பார்த்த பிறகு அதிகம் பேரம் பேசவில்லை. விலையைக் குறைத்தார். கார் டிரெய்லரில் வந்தது. நண்பன் முதலில் செய்தது மவுண்டிங்கும் ஸ்டியரிங் தண்டும். அப்புறம் எம்ஓடிக்கு அனுப்பிப் பாஸ் வாங்கினான். அச்சு இன்னும் பழசுதான். 3.07 பல் செட் நல்லதாகக் கிடைக்கக் காத்திருக்கிறான்.

அவனை அதிகம் படுத்தியது காகிதம்தான். வி5சியில் 1798-ஐ 3528 ஆக்க டிவிஎல்ஏ ஆதாரம் கேட்கிறது. என்ஜின் வாங்கிய ரசீது யாரிடமும் இல்லை. ஒரு கராஜில் காரைக் காட்டி, அவர்கள் லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கி அனுப்பினான். இப்போது தாளிலும் வி8.

ஆகவே என்ஜின் மாற்றிய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை நடக்கும்போதே வெட்டிய இடத்தையும் வெல்டிங் வைத்த இடத்தையும் பெயின்ட் அடிப்பதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். எந்தக் காரிலிருந்து எந்தப் பாகம் வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். என்ஜின் ரசீதைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள்.